ஐந்து கோச்சும் ஒன்பதாம் நம்பரும்

ஊட்டி
16 பிப்ரவரி 2026, திங்கள்

ஒன்றரைக்கால் கோச்சம்மா சசிரேகாவுக்கு, கிரவுண்டு சின்னராஜ் எழுதுவது.

உனக்குப் போன் போட்டால் ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். பதினேழு தடவை அவள் குரலைக் கேட்டாயிற்று. இன்னும் இரண்டு தடவை போட்டால் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிடுவாள். நீ என் நம்பரைத் தடுத்துவிட்டாய் என்று நம் கேப்டன் மஜீதாதான் விளக்கிச் சொன்னாள். அதனால் நோட்டைக் கிழித்து எழுதி, எமரால்டு பஸ் கண்டக்டர் ஆறுக்குட்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்குக் கால் இல்லாத இடத்தில் நீயே கால் போட்டுப் படித்துக்கொள்.

இத்தனை கோபம் ஆகாது, அம்முணி. சனிக்கிழமை அரையிறுதியில் மனிஷா பந்தைத் தலையால் முட்டப்போய், எதிர் டீம் கோல்கீப்பரின் முழங்காலில் மோதி விழுந்தாள். எழுந்தாள், சிரித்தாள். நீ அவளை வெளியே எடுத்தாய். பெனால்டியில் ஜெயித்தும் விட்டோம். அதோடு விட்டிருக்கலாம். ஸ்கேன் எடுத்து டாக்டர் எழுதித் தராமல் அவளை ஃபைனலில் இறக்க மாட்டேன் என்று பிரின்சிபால் மேடத்திடம் போய் நின்றாய். அவர்கள், "நீங்க ஒரு வாரம் லீவு எடுத்துக்கோங்க" என்றார்கள். நான் சும்மா இருக்காமல், "தலை என்ன தேங்காயாங்க மேடம், உடையறதுக்கு?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ விசிலை மேசையில் எறிந்துவிட்டு எமரால்டுக்கு பஸ் ஏறிவிட்டாய். கோபம் அவர்கள் மேலா, தேங்காய் மேலா?

இருபத்தாறு வருசமாக இந்தக் காலேஜ் கிரவுண்டில் கோடு போடுகிறேன். ஐந்து கோச்சுகளைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். கேட்டுக்கொள்.

முதல் ஆள் ஹபீப் முகமது சார். பஜாரில் துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாலு மணிக்கு வருவார். ஆறு வருசத்தில் ஒரு கப்பு கிடையாது. ஆனால் ஒரு பிள்ளைகூட பயிற்சிக்கு மட்டம் போட்டதில்லை. ஜெர்சி வழக்கத்தை வைத்தது அவர்தான். யார் ஆடுகிறார்கள் என்று கோச் வாயால் சொல்லக் கூடாது. பட்டியலை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். மேட்ச் அன்று காலையில் நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பேரைக் கூப்பிட்டு, என் கையால் ஜெர்சி கொடுப்பேன். "என் மூஞ்சியைப் பாத்தா புள்ளைங்களுக்கு அழுகை வரும் சின்னராஜ். உன் மூஞ்சியைப் பாத்தா எவளுக்கும் அழத் தோணாது" என்றார். புகழ்ந்தாரா, திட்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது பாண்டியராஜ் சார், குந்தா மின்நிலையத்து ஆள். பிள்ளைகளை எஸ்டேட் மேட்டில் ஏற்றி ஏற்றி இறக்குவார். கரண்ட் கம்பியைத் தொட்டவர் மாதிரி கத்துவார். மூன்றாவது கூடலூர் ஜாகீர் சார். பாதி மலையாளம், பாதி தமிழ். பந்தை உதைக்காதே, கொஞ்சு என்பார். அவர் காலத்தில் நம் பிள்ளைகள் நன்றாகக் கொஞ்சினார்கள், எதிர் டீம் கோல் போட்டது. நாலாவது தினகரன் சார். இரண்டு கப்பு. அலமாரியில் இருப்பது இரண்டும் அவருடையதுதான். ஐந்தாவது நீ. கப்பு இல்லை, வாய் மட்டும் உண்டு.

ஃபைனல் வருகிற சனிக்கிழமை, நம் கிரவுண்டிலேயே. தினகரன் சாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அவரே வந்து மனிஷாவைப் பயிற்சியில் இறக்கினார். ஆடினாள். ஒன்றும் ஆகவில்லை. நீ நாளைக்கே வந்து, சாரிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசி, பக்கத்தில் நின்றுகொள். கப்பு வந்தால் பாதி உன்னுடையது.

சின்னராஜ்


எமரால்டு
17 பிப்ரவரி 2026

சின்னராஜண்ணா,

ஆறுக்குட்டி திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் கேலி பேசியே முடித்துவிடுவீர்கள், எழுத்தாகவே இருக்கட்டும்.

ஒன்றரைக்கால் என்று இனி எழுதாதீர்கள். பதிமூன்று வருடமாக நீங்கள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இனிமேல் முடியாது.

ஐந்து கோச்சுகளையும் கப்பை வைத்து அளந்திருக்கிறீர்கள். தினகரன் சாரின் முதல் கப்பு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? 2013 ஃபைனல். ஏழாம் நம்பர் நான். முழங்கால் முதல் நாளே வீங்கியிருந்தது. காலையில் ஒரு ஊசி. இடைவேளையில் இன்னொரு ஊசி. பெஞ்சில் என் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டவர் நீங்கள். "கால் வலிச்சா கையால ஓடு, அம்முணி" என்றீர்கள். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன் என்பதால் வலி இல்லை என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். எண்பதாவது நிமிடத்தில் கோல் போட்டேன். அதுதான் நான் ஓடிய கடைசி ஓட்டம். இப்போது எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்துதான் ஏறுகிறேன்.

இதை ஹபீப் சார் செய்திருப்பாரா? அப்படி அளந்து பாருங்கள்.

முழங்கால் போனால் நொண்டிக்கொண்டு வாழலாம். மனிஷாவுக்குப் பட்டது தலையில். ஒரு அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்று கோச்சுகளுக்கான பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் படம் போட்டே காட்டினார்கள். மனிஷா என் போனை எடுக்கவில்லை. நான் பொறாமைப்படுகிறேனாம், மஜீதாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவளைக் கவனியுங்கள். வெயிலைப் பார்த்தால் கண்ணைச் சுருக்குகிறாளா? சாப்பிடுகிறாளா? சொன்னதையே திரும்பக் கேட்கிறாளா? பார்த்து எழுதுங்கள். கேலி வேண்டாம்.

சசிரேகா


ஊட்டி
18 பிப்ரவரி, புதன்

அம்முணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு மூன்று தடவை என்பது அரை நாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊசி போட்டது டாக்டர், போடச் சொன்னது கோச். காலைப் பிடித்தவன் மேலே ஏன் பாய்கிறாய் என்று நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டுதானே ஓடினாய்? இத்தனை வருசம் அந்தக் கதையை டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? ஊசியைப் போட்டுக்கொண்டு சிரித்த பொண்ணு என்று. எனக்கு அது பெருமையான கதையாக இருந்தது. அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

நீ சொன்னபடி பார்த்தேன். காலையில் புல்லில் உறைபனி. வெயில் பட்டதும் கிரவுண்டு முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னியது. எல்லோரும் அதில் வழுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனிஷா மட்டும் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன மனிஷா, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா, மூஞ்சிய மறைக்கறே?" என்றேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள்.  இன்றைக்கு, "மேட்ச் என்னிக்குங்கண்ணா?" என்றாள். சனிக்கிழமை என்றேன். ஐந்து நிமிசம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

பத்து மணிக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓங்கரிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் அவள். ஸ்வெட்டரைத் தலைமேல் போர்த்திக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கம்மா மேல சத்தியம் பண்ணுங்க."

"உங்கம்மா மேல நான் எதுக்குடி சத்தியம் பண்ணோணும்?"

"சனிக்கிழமை மட்டுங்கண்ணா. அன்னிக்கு செலக்சன்காரங்க வர்றாங்க. அப்புறம் ஒரு மாசம் வேணாலும் படுத்துக்கறேன்."

சத்தியம் பண்ணிவிட்டேன். அந்த மூஞ்சியைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உனக்கு எழுதுவது சத்தியத்தில் சேராது என்று நானாகவே வைத்துக்கொண்டேன். எழுதுவதும் சொல்வதும் வேறுதானே?

தினகரன் சாரும் அவள் வெளுத்த முகத்தைப் பார்த்தார். பித்தம், இஞ்சி டீ குடி என்றார்.

என்ன செய்யட்டும்? இன்றைக்கே எழுது.

சின்னராஜ்


எமரால்டு
19 பிப்ரவரி, வியாழன்

அண்ணா,

அது பித்தம் இல்லை. அவளை இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நேற்று உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த பஸ்ஸில் காலேஜுக்கு வந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. என்னை உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவாம். பாவம், அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. பிரின்சிபால் மேடத்துக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறார்கள் என்று மூன்று தடவை பதில் வந்தது. அங்கிருந்து குன்னூர் போய், எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் மனிஷாவின் அம்மா கருப்பம்மாவைப் பார்த்தேன். "டாக்டர் பாத்துட்டாரு, ஒண்ணுமில்லைன்னு சார் போன்ல சொன்னாருங்களே" என்றார். எந்த டாக்டர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. லீவில் அனுப்பிவிட்ட கோபத்தில் நான் இப்படிப் பேசுகிறேன் என்று அவருக்கும் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். டீ கொடுத்தார். நம்பவில்லை.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் நடந்ததை நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அதுவும் பொய்யாகத்தான் போகும். பார்த்தவர் நீங்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் நம்புகிற ஒரே ஆளும் நீங்கள்தான். தினகரன் சாரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் கருப்பம்மாவிடம் சொல்லுங்கள். சத்தியத்தை விடுங்கள்.

நான் அன்றைக்குச் சிரித்தேனா என்று கேட்டிருந்தீர்கள். சிரித்தேன், அண்ணா. நீங்கள் சிரிக்க வைத்தீர்கள். வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் ஆடியிருக்க மாட்டேன்.

சசி


ஊட்டி
20 பிப்ரவரி, வெள்ளி

அம்முணிக்கு,

சாரிடம் சொன்னேன். கோல் போஸ்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மோட்டார் ரூம் விசயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சின்னராஜு, எனக்கு மட்டும் என்ன கல் மனசா? நாளைக்கு வர்றவங்க கையில ஒரே ஒரு இடம் இருக்குது. ஸ்போர்ட்ஸ் கோட்டா. கவர்மெண்டு வேலை. மனிஷா ஆடுனா அது அவளுக்குத்தான், நான் பேசி வச்சிருக்கறேன். ஆடலைன்னா அவங்கம்மா மாதிரி கூடையை மாட்டிக்கிட்டு தேயிலை பறிக்கப் போவா. நீயே சொல்லு, எது பாவம்?"

 அவர் கெட்டவராக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபம், அம்முணி.

"டாக்டர் பாத்தாருங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"என் வயசுக்கு நான் பாக்காத அடியா?" என்றார்.

ஆக, எந்த டாக்டரும் பார்க்கவில்லை. கருப்பம்மா அக்காவுக்குப் போன் போட்டேன். இலைக்குப் போயிருக்கிறார்கள், போன் லயத்தில் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நாளைக்கு மேட்ச் பார்க்க லீவு சொல்லிவிட்டு வருகிறார்களாம்.

சாயங்காலம் சார் பட்டியல் கொடுத்தார். பதினொரு பேர். ஒன்பதுக்கு நேரே மனிஷா. இருபத்தாறு வருசத்தில் எத்தனை பட்டியல் என் கைக்கு வந்திருக்கும்? ஒரு தடவைகூட அதில் என் மூளையைப் போட்டதில்லை. ஹபீப் சார் பட்டியல், பாண்டியராஜ் சார் பட்டியல், ஜாகீர் சார் பட்டியல், எல்லாம் எனக்கு ஒன்றுதான். பேரைக் கூப்பிடு, கையில் கொடு, ஒரு கேலி பேசு, அனுப்பு. நான் நல்லவன் என்று பேர் வாங்கியது அப்படித்தான். முடிவு அவர்களுடையது, சிரிப்பு என்னுடையது.

என் சர்வீஸ் இன்னும் ஆறு வருசம் இருக்கிறது. வீட்டில் பேச்சி, "உனக்கு எதுக்கு இந்த வம்பு, கோடு போட்டமா வந்தமான்னு இரு" என்கிறாள்.

கடைசி பஸ் நிற்கிறது. இதற்கு நீ பதில் எழுதினாலும் எனக்கு வந்து சேராது.

சின்னராஜ்


ஊட்டி
22 பிப்ரவரி, ஞாயிறு

அம்முணிக்கு,

ஊரெல்லாம் ஒரு கதை சொல்லும். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை டிரஸ்ஸிங் ரூமில் பெட்டியைத் திறந்தேன். ஒன்று மஜீதா, வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு, மூன்று என்று போனது. ஒவ்வொருத்திக்கும் ஏதோ ஒரு கேலி சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எட்டு முடிந்தது. ஒன்பதைக் கையில் எடுத்தேன். மனிஷா கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். இடது பூட்ஸில் கயிறு கட்டியிருந்தாள், வலது பூட்ஸில் கட்டவே இல்லை. அது அவளுக்குத் தெரியவும் இல்லை.

நான் அந்த ஜெர்சியை என் தலை வழியாக மாட்டிக்கொண்டேன்.

ஸ்வெட்டருக்கு மேலே. தொப்பை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தினகரன் சாரும் சிரித்தார். "நேரமாச்சு சின்னராஜு, கழட்டு" என்றார். நான் கழற்றவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. 

"சார், இந்தப் புள்ளைக்கு நான் குடுக்கறதா இல்லைங்க."

"நீ யாருடா குடுக்கறதுக்கும் குடுக்காததுக்கும்?"

"யாருமில்லைங்க சார். கோடு போடறவன்."

இழுத்தார். தையல் விட்டது, ஜெர்சி வரவில்லை. அதற்குள் நடுவர் எட்டிப் பார்த்தார். பேர் கொடுத்த நம்பரில்தான் ஆட வேண்டும், டேப்பில் நம்பர் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது, ஐந்து நிமிசம்தான் தருவேன் என்றார். மனிஷா என் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். "என் வேலையத் தின்னுட்டீங்களே! நீங்கெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள். இன்னும் சொன்னாள், அதை எழுத மாட்டேன். நல்ல அடி. வலிக்கிறது.

சத்தம் கேட்டு கருப்பம்மா அக்கா உள்ளே வந்தார்கள். புதுச்சேலை, தலையில் பூ. "ஏனுங்கண்ணா, எம்புள்ளைய எதுக்கு இப்படி அழ வைக்கறீங்க?" என்றார்கள். நான் புதன்கிழமை பார்த்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன். ஓங்கரித்தது, ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது, எல்லாம். மனிஷா, "பொய்ம்மா, பொய்" என்றாள். அக்கா அவளை ஒரு நிமிசம் பார்த்தார்கள். குனிந்து வலது பூட்ஸின் கயிற்றைக் கட்டப் போனார்கள். கட்டவில்லை. பூட்ஸையே கழற்றிவிட்டார்கள். ஒற்றைப் பூட்ஸோடு அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மாற்று ஆளைப் போட்டு ஆடினோம். இரண்டுக்குச் சைபர், தோல்வி. செலக்சன்காரர்கள் எதிர் டீம் பெண் ஒருத்தியின் பேரை எழுதிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை விசாரணைக் கமிட்டியாம். பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மனிஷா எங்கே, எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதை மட்டும் தெரிந்தால் எழுது.

சின்னராஜ்


கோயம்புத்தூர்
24 பிப்ரவரி, செவ்வாய்

அண்ணா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். மனிஷாவைப் பார்க்க வந்த மஜீதா இதைக் கொண்டுவந்து தருவாள். சனிக்கிழமை மாலையே கருப்பம்மா எனக்குப் போன் செய்துவிட்டார். மூவருமாக இங்கே வந்தோம்.

ஸ்கேனில் பெரிதாக எதுவும் இல்லை. மூளை குலுங்கியிருக்கிறது, இரண்டு மாதம் பந்துப் பக்கமே போகக் கூடாது என்கிறார் டாக்டர். சனிக்கிழமை ஆடியிருந்தால் என்று கேட்டேன். "அடி படாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பட்டிருந்தா நீங்க இங்க வந்து என்னைக் கேட்டுட்டு இருந்திருக்க மாட்டீங்க" என்றார்.

மனிஷா உங்கள் பெயரை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவளுக்குக் கிடைக்க இருந்த வேலை போனது போனதுதான்.

நாளைக்குக் கமிட்டியில் நான் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். என் கடிதங்களைக் காட்டுங்கள். என்னை ஏற்கனவே வெளியே அனுப்பியாயிற்று, எனக்கு இனிப் போவதற்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஆறு வருடம் இருக்கிறது, பேச்சியக்கா இருக்கிறார். கோச் சொன்னார், செய்தேன் என்றால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. தயவுசெய்து பிடிவாதம் வேண்டாம்.

சசி


ஊட்டி
25 பிப்ரவரி, புதன்

அம்முணி,

நீ சொன்னபடி செய்யலாம் என்றுதான் உன் கடிதங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பிரின்சிபால் ரூமில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கும் நாற்காலி போட்டார்கள். இருபத்தாறு வருசத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஐந்து கோச்சுகளிடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். இதை எந்தக் கோச் சொல்லிச் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். உன் பேர்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்கள்.

உன் கடிதங்கள் எனக்கு மனப்பாடம். டாக்டரிடம் கூட்டிப்போ, அம்மாவிடம் சொல் என்று இருக்கிறதே தவிர, ஜெர்சியை மாட்டிக்கொண்டு உட்கார் என்று எங்கேயும் இல்லை. அந்தக் கோமாளித்தனம் என்னுடையது. அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான்" என்றேன்.

"இதற்கு முன்னால் இத்தனை கோச்சுகள் பட்டியல் கொடுத்தபோது ஒரு நாளும் இப்படிச் செய்யவில்லையே. தினகரன் சார் காலத்தில் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தீர்கள் அல்லவா?"

"குடுத்தனுங்க. ரெண்டாயிரத்துப் பதிமூணு ஃபைனல்ல, ஏழாம் நம்பர், சசிரேகாவுக்கு. வீங்குன காலோட வந்து கைய நீட்டுச்சு. சிரிக்க வச்சுக் குடுத்தனுங்க. குடுத்திருக்கக் கூடாதுங்க. அதையும் எழுதிக்கோங்க."

அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். சம்பந்தம் உண்டு என்றேன். எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன்.  கடைசியில் எழுதினார்கள். படித்துக் காட்டச் சொன்னேன். உன் பேரும் அந்த ஏழாம் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, என் பேரை எழுத்துக்கூட்டிப் போட்டுவிட்டு வந்தேன்.

சின்னராஜ்